கேட்காமல் கொடுத்த இடம்

கெலரா: கையை எடு.

இனோக்கே: எடுத்துட்டேன்.

கெலரா: மீனோட எடுத்திருக்கே.

இனோக்கே: அதுவா வந்து ஒட்டிக்கிச்சு. உங்கம்மா தேங்காப்பாலை இவ்வளவு கெட்டியா ஊத்தினா நான் என்ன பண்ண?

கெலரா: சனிக்கிழமை மத்தியானம். ஆபீஸ்ல நாம ரெண்டே பேர். கப்பல் டிக்கெட் சர்வர் பொணமா கிடக்கு. நாலு மணிக்கு ஹரிலால் பாஸ் வந்து, 'யார் தப்பு, ஒரே ஒரு பேர் சொல்லு'ன்னு நிக்கப் போறார். நீ என் சாப்பாட்டு டப்பாவுல தூண்டில் போடறே.

இனோக்கே: தௌவு டப்பாவுல யாரு தூண்டில் போடுவாங்க? நேரா கைதான். உங்க வாதுலேவும் எங்க நுகுலாலாவும் ஒரே சாமிக்குப் பொறந்த தீவுங்க. உன் மீனை நான் எடுக்கலாம், என் பாயை நீ சுருட்டிட்டுப் போலாம், ஒருத்தரை ஒருத்தர் கேவலமாத் திட்டலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. தௌவுன்னா அதுதான். இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா?

கெலரா: எடுக்கறதெல்லாம் நீதான். உன்கிட்ட நான் எடுக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு குடை. அதுவும் கம்பி போனது.

இனோக்கே: அந்தக் குடை போன மழையிலேர்ந்து உன்கிட்டதான் இருக்கு.

கெலரா: இந்த சுவா ஊர்ல போன மழைன்னா எது? நேத்து பெஞ்சதா, காலையில பெஞ்சதா, இப்ப பெய்யறதா?

இனோக்கே: குடையைக் குடு. சொல்றேன்.

கெலரா: வாயைத் தொடைச்சுட்டு சர்வரை ஓட்டு. டிக்கெட் கேட்டு ஆளுங்க வர்ற மாதிரி போடு. முதல்ல அம்பது பேர்.

இனோக்கே: அம்பது... நிக்குது. நூறு... நிக்குது.

கெலரா: இருநூறு.

இனோக்கே: நிக்...

கெலரா: என்ன?

இனோக்கே: படுத்துடுச்சு.

கெலரா: சாகறதுக்கு முன்னாடி கடைசியா என்ன எழுதியிருக்கு? படி.

இனோக்கே: 'பயணி பெயர்: சேப்பங்கிழங்கு, ஈரமானது, ஆறு மூட்டை. சாப்பாடு: சைவம். ஜன்னலோர இருக்கை வேண்டும்.'

கெலரா: சிரிக்காதே.

இனோக்கே: நான் எங்க சிரிச்சேன்? சிரிச்சா நேத்து அந்தப் பாதிரியார் சிரிச்சிருக்கணும். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாள், ஊரே தீவுக்குக் கிளம்பி துறைமுகத்துல நிக்குது. மனுஷன் டிக்கெட்டை நீட்டறார். அதுல அவர் பேரு இருக்க வேண்டிய இடத்துல சிமெண்ட் மூட்டைன்னு இருக்கு. 'சரக்குத் தளத்துக்குப் போங்க ஐயா'ன்னு கப்பல்காரன் அனுப்பிட்டான்.

கெலரா: போனாரா?

இனோக்கே: போயிட்டார். தாழ்மை. சிமெண்ட் மேலயே உக்காந்து ஜெபம் பண்ணாராம்.

கெலரா: அப்புறம் சர்வர் மொத்தமா விழுந்துச்சு. மீதி ஜனம் குழந்தை குட்டியோட மழையில நின்னுச்சு. எங்க சித்தி அந்த வரிசையிலதான் நின்னா. எனக்கு அதை நெனச்சா சிரிப்பு வரல.

இனோக்கே: ...எனக்கும்தான்.

கெலரா: சரி. பாஸுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாரு. நான்தான் பாஸ். வயித்தைத் தள்ளிட்டேன், பாரு. 'சொல்லு இனோக்கே பேட்டா, என்ன ஆச்சு?'

இனோக்கே: பாஸ், நம்ம டேட்டாபேஸ் சர்வரை ஒரு கப்பல்னு வெச்சுக்குங்க.

கெலரா: 'கப்பல் பேச்சே வேண்டாம். கப்பல் கம்பெனிக்காரன் காலையிலேர்ந்து என் காதுல கத்தறான்.'

இனோக்கே: நீளமா ஒரே ஒரு தளம், அதுக்குக் கீழ யாரும் எடுக்காத ஒரு சின்ன மூலை, பாஸ். அதுதான் மெமரி. பழைய மெஷின், அதனால தளம் குறுகல். பின்பக்கத்துலேர்ந்து கெலரா சரக்கைக் குவிச்சுட்டே வர்றா. என்ன மூட்டை எப்ப வரும், எவ்வளவு பெருசா வரும்னு முன்கூட்டியே தெரியாது. வந்தா இடம் குடுக்கணும், போனா காலி பண்ணணும். அதுக்குப் பேரு குவியல்.

கெலரா: 'கெலரா நல்ல பொண்ணு.'

இனோக்கே: பாஸ் அப்படிச் சொல்ல மாட்டார்.

கெலரா: 'நான் சொல்வேன். மேல போ.'

இனோக்கே: முன்பக்கத்துலேர்ந்து நான் பெஞ்சு போட்டுட்டே வர்றேன். டிக்கெட் கேட்டு வர்ற ஆளுக்கு ஒரு பெஞ்சு. அவர் சொல்ற பேரு, போற தீவு, எல்லாத்தையும் தட்டு மேல தட்டா அந்த பெஞ்சுல அடுக்குவேன். வேலை முடியும்போது மேல் தட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுப்பேன். அதுக்குப் பேரு அடுக்கு.

கெலரா: 'கூட்டம் ஜாஸ்தியானா ரெண்டும் முட்டிக்காதா?'

இனோக்கே: அதுக்குத்தான் நடுவுல ஒரு கயிறு கட்டியிருக்கோம். காவல் பக்கம்னு பேரு. எதிர்ப்பக்கம் காலின்னா அதுவே தள்ளி நின்னு இடம் விடும். குவியலோ அடுக்கோ அந்தக் கயிறைத் தொட்டா அந்த இடத்துலயே சர்வர் நின்னுடும். தொட்டது யாருன்னும் எழுதிட்டு நிக்கும்.

கெலரா: 'நேத்து அப்படி எழுதிச்சா?'

இனோக்கே: இல்ல பாஸ்.

கெலரா: 'கயிறு அறுந்துடுச்சா?'

இனோக்கே: இல்ல பாஸ். புதுசு மாதிரி நிக்குது.

கெலரா: 'அப்புறம் எப்படிடா மூட்டை பாதிரியார் மடியில விழுந்துச்சு?'

இனோக்கே: அது... அது என் தப்புன்னு எழுதிக்குங்க, பாஸ்.

கெலரா: என்ன?

இனோக்கே: என் பேரைச் சொல்லிடலாம். முடிஞ்சது. வா, கடையில ரொட்டி வாங்கித் தரேன்.

கெலரா: இன்னும் எங்க முட்டுச்சுன்னே தெரியல. அதுக்குள்ள உன் தப்பா? அதெப்படி?

இனோக்கே: பெஞ்சு என்னுது. பெஞ்சுல இருந்தவர் பேருதான் கெட்டுச்சு. என் தப்பு.

கெலரா: பேரைக் கெடுத்தது மூட்டை. மூட்டை என்னுது. அப்ப என் தப்பு. என் பேரைச் சொல்லு.

இனோக்கே: ஏய், தப்புல கூட பங்கு கேக்கறியே. இது நான் முதல்ல எடுத்த தப்பு.

கெலரா: தௌவுகிட்டேர்ந்து எதை வேணா எடுத்துக்கலாம்னு நீதானே சொன்னே?

இனோக்கே: மீனைச் சொன்னேன்!

கெலரா: இனோக்கே, விளையாடாதே. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. உன் பேர் போனா பாஸ் திரும்பக் கையெழுத்துப் போட மாட்டார். உன் தம்பி படிப்பு, வீட்டு வாடகை... என்ன பண்ணுவே?

இனோக்கே: உன் பேர் போனா? இன்னிக்கு உனக்கு வேலை தர்ற ஆக்லாந்து கம்பெனிக்காரங்க பாஸுக்குப் போன் போடறாங்க. 'பொண்ணு எப்படி'ன்னு கேப்பாங்க. 'எல்லாம் நல்லா பண்ணுவா, பாதிரியாரை மட்டும் சிமெண்ட் ஆக்கிட்டா'ன்னு சொல்வார். அத்தோட அந்த வேலை போச்சு. எவ்வளவு நாளா அதுக்குத் தவிச்சே நீ?

கெலரா: போனா போகட்டும்.

இனோக்கே: சும்மா சொல்றே.

கெலரா: ஏன்? என்னை அனுப்பறதுல உனக்கு அவ்வளவு அவசரமா?

இனோக்கே: ...மீன் இன்னும் இருக்கா?

கெலரா: நான் கேட்டதுக்கு மீன் பதில் இல்ல.

இனோக்கே: நீ போகணும்னு ஆசைப்பட்டே. நான் யாரு அவசரப்படறதுக்கும், படாம இருக்கறதுக்கும்?

கெலரா: என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?

இனோக்கே: என்ன?

கெலரா: ஏதாவது. பொதுவா. கேக்கணும்னு இருந்தா கேளு.

இனோக்கே: ...உப்பு இருக்கா?

கெலரா: உன்னையெல்லாம் கடல்ல தள்ளணும்.

இனோக்கே: வேண்டாம்.

கெலரா: ஆமா. மறந்துட்டேன். தீவுக்காரனுக்கு நீச்சல் தெரியாது. போன வருஷம் டிக்கெட் மெஷினைச் சோதிக்கக் கப்பல் ஏறினோமே... துறைமுகத்தைத் தாண்டல, கயிறு கூட இன்னும் அவிழ்க்கல, அதுக்குள்ள வாளியைக் கட்டிப் புடிச்சுட்டு நின்னே.

இனோக்கே: அன்னிக்குக் காலையில சாப்பிட்ட முட்டை சரியில்ல.

கெலரா: அன்னிக்கு நீ சாப்பிட்டது என் டப்பாவுல இருந்த மரவள்ளிக்கிழங்கு.

இனோக்கே: அதைத்தான் முட்டைன்னு நெனச்சு சாப்பிட்டேன். வேலையைப் பாப்போமா?

கெலரா: பாப்போம். ஒரு வரி சேக்கறேன். ஒவ்வொரு மூட்டையையும் எங்க வைக்கறேன்னு வைக்கும்போதே எழுதச் சொல்றேன்.

இனோக்கே: பிரயோஜனம் இல்ல. காலையிலயே போட்டுப் பாத்தேன். அந்த வரி இருந்தா விழ மாட்டேங்குது.

கெலரா: எடுத்தா?

இனோக்கே: விழுது. எழுதிட்டே வேலை செய்யறதுல வேகம் குறையுது. வேகம் குறைஞ்சா கூட்டம் சேரல. கூட்டம் சேரலன்னா முட்டல.

கெலரா: ஆள் பாத்துட்டு இருந்தா ஒழுக்கம். திரும்பினா திருட்டு. உன்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கு.

இனோக்கே: நான் ஆள் பாத்துட்டு இருக்கும்போதே திருடுவேன். இதோ.

கெலரா: கையை எடு! சரி, ஒண்ணு பண்ணலாம். வரி எதுவும் வேண்டாம். விழப்போற நேரத்துல மொத்தத் தளத்துக்கும் வரைபடம் எடுப்போம். யார் எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சுடும்.

இனோக்கே: வரைபடமா...

கெலரா: ஏன் முகம் இப்படிப் போகுது?

இனோக்கே: எப்படியும் போகல. வரைபடம் ரொம்ப நீளமா வரும். கண்ணு வலிக்கும். இல்ல, உனக்காகத்தான் சொன்னேன்.

கெலரா: எனக்கும்... அது அவ்வளவு அவசியமான்னு தோணுது. என் பேரைச் சொல்லிட்டா வரைபடமே தேவையில்ல.

இனோக்கே: இப்ப உன் முகம் ஏன் இப்படிப் போகுது?

கெலரா: எப்படியும் போகல.

இனோக்கே: கெலரா...

கெலரா: எடு. எடுத்துத் தொலை. பாத்துடுவோம்.

இனோக்கே: எடுத்தாச்சு.

கெலரா: படி.

இனோக்கே: நீ படி. நான் கண்ணாடி கொண்டு வரல.

கெலரா: நீ கண்ணாடியே போட மாட்டே.

இனோக்கே: அதான் கொண்டு வரல.

கெலரா: தள்ளு. முன்பக்கம்... இங்கதானே உன் பெஞ்செல்லாம் இருக்கணும்? காலியா இருக்கு. ஒரு பெஞ்சு கூட இல்ல. என்னடா இது?

இனோக்கே: ...கொஞ்சம் இரு. பின்பக்கத்தைக் காட்டு. இங்கதானே உன் குவியல் இருக்கணும்? இதுவும் காலி. உன் மூட்டையெல்லாம் எங்க?

கெலரா: நடுவுல என்ன இருக்கு?

இனோக்கே: கயிறு. இந்தப் பக்கமும் ஆள் இல்ல, அந்தப் பக்கமும் ஆள் இல்ல. வெறும் தளத்துக்கு நடுவுல ராஜா மாதிரி நின்னு காவல் காக்குது.

கெலரா: அப்ப நாம எங்க?

இனோக்கே: கீழ. கடைசியில. யாருமே எடுக்காம கிடந்த அந்தச் சின்ன மூலை இருந்துச்சே... அங்க இருக்கோம். நீ மூலையோட அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றே. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றேன். நடுவுல கயிறு இல்ல. கூட்டம் வந்ததும்...

கெலரா: ஒருத்தர் மேல ஒருத்தர்.

இனோக்கே: கொஞ்சம் கௌரவமா சொல்லு. பாஸ் வர்ற நேரம்.

கெலரா: சிஸ்டம் எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தைக் குடுத்துச்சு?

இனோக்கே: இதே இடம்தான் வேணும்னு அடிச்சுக் கேட்டா குடுத்துடும். ஏற்கனவே ஆள் இருக்கான்னு பாக்காது.

கெலரா: நீ அடிச்சுக் கேட்டியா?

இனோக்கே: நீ?

கெலரா: நான்தான் முதல்ல கேட்டேன். நீ சொல்லு.

இனோக்கே: ...ஆமா.

கெலரா: எப்போ?

இனோக்கே: உன் அத்தை சாவுக்கு நீ தீவுக்குப் போயிருந்தியே, அப்ப. லீவு கூட்டம் வரப்போகுது, உன் குவியல் ஏறிட்டே போகுது. இன்னும் ஏறினா கயிறைத் தொடும். தொட்டா உன் பேர் எழுதி நிக்கும். ஆக்லாந்துக்காரன் போன் போடற சமயத்துல... அதான், முன்பக்கத்தைக் காலி பண்ணிட்டு என் பெஞ்சையெல்லாம் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போயிட்டேன். மொத்தத் தளமும் நீயே வெச்சுக்கோன்னு.

கெலரா: என்கிட்ட ஏன் சொல்லல?

இனோக்கே: சொன்னா நீ வேண்டாம்பே.

கெலரா: ஐயோ கடவுளே.

இனோக்கே: திட்டு. தௌவுதானே. நல்லாத் திட்டு.

கெலரா: திட்ட வரல, இனோக்கே. சாவு முடிஞ்சு திரும்பி வந்த அன்னிக்கு, நீ ரக்பி பாக்க நந்தி ஊருக்குப் போயிருந்தே. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். இவ்வளவு கூட்டம் வந்தா உன் பெஞ்சுங்க கயிறைத் தொட்டுடும்னு தோணுச்சு. தொட்டா உன் பேர் எழுதி நிக்கும். ஒப்பந்தம் முடியற மாசம்... அதனால என் குவியலை அப்படியே பெயர்த்து...

இனோக்கே: சொல்லாதே.

கெலரா: ...அந்த மூலைக்குக் கொண்டு போயிட்டேன். மொத்தத் தளமும் நீயே வெச்சுக்கோன்னு.

இனோக்கே: நான் போன இடத்துக்கே.

கெலரா: நீ போயிட்டேன்னே எனக்குத் தெரியாது. தளத்தைத் திரும்பிக் கூடப் பாக்கல. நீ தளத்துலயே இருக்கேன்னு நெனச்சுட்டேதான் நகர்ந்தேன்.

இனோக்கே: நானும்தான்.

கெலரா: கேக்காம எடுத்துக்கலாம்னு நம்ம முன்னோருங்க சட்டம் போட்டாங்க. கேக்காம குடுத்தா என்ன ஆகும்னு யாராவது யோசிச்சாங்களா?

இனோக்கே: அந்தக் காலத்துல பாதிரியார் கிடையாதே.

கெலரா: மணி என்ன?

இனோக்கே: மூணரை ஆகப் போகுது. நீ உன் பழைய இடத்துக்குப் போ. நான் என் பழைய இடத்துக்குப் போறேன். கயிறு நடுவுலயே இருக்கட்டும்.

கெலரா: தளம் நிரம்பினா வர்ற ஆளை ஏத்தாதே. 'கொஞ்சம் காத்திருங்க'ன்னு சொல்லு. கயிறு வரைக்கும் ஏன் போகணும்?

இனோக்கே: சரி... சரி... மாத்திட்டேன். நீ?

கெலரா: மாத்திட்டேன். ஓட்டு. இருநூறு.

இனோக்கே: நிக்குது. ஐநூறு... நிக்குது. ஆயிரம்... 'கொஞ்சம் காத்திருங்க'ங்குது. எவ்வளவு மரியாதை!

கெலரா: பயணி பேர் படி.

இனோக்கே: எல்லாம் மனுஷங்கதான். ஒரு கிழங்கு கூட இல்ல.

ஹரிலால்: யாராவது ஒரு துண்டு குடுங்க. கார்லேர்ந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள குளிச்சுட்டேன்.

கெலரா: இந்தாங்க பாஸ். குடை கூட இருக்கு, கம்பி போனது.

ஹரிலால்: உள்ள வந்தப்புறம் குடை எதுக்கு? சரி பேட்டா, கப்பல்காரன் போன் பக்கத்துலயே உக்காந்திருக்கான். ஒரு பேர்.

கெலரா: கெலரா.

இனோக்கே: இனோக்கே.

ஹரிலால்: உங்க பேர் எனக்குத் தெரியும். சம்பளம் நான்தான் போடறேன். தப்பு யாருது?

கெலரா: என்னுது பாஸ்.

இனோக்கே: இல்ல பாஸ், என்னுது.

ஹரிலால்: இவ்வளவு வருஷமா கம்பெனி நடத்தறேன். தப்புக்கு ரெண்டு பேர் சண்டை போட்டுப் பாத்ததில்ல. என்ன நடந்துச்சு? சுருக்கமா.

கெலரா: இவனுக்கு இடம் பத்தாதோன்னு நான் நகர்ந்தேன்.

இனோக்கே: இவளுக்கு இடம் பத்தாதோன்னு நான் நகர்ந்தேன்.

கெலரா: ரெண்டு பேரும் ஒரே மூலைக்கு.

ஹரிலால்: எங்க வீட்டு நடையில நானும் என் சம்சாரமும் இதேதான். நான் வழிவிட்டு இந்தப் பக்கம் ஒதுங்குவேன். அவளும் வழிவிட்டு இந்தப் பக்கம் ஒதுங்குவா. நெத்தியும் நெத்தியும் இடிச்சுக்கும். ஆனா எங்க வீட்டுல யாரும் சிமெண்ட் ஆகல. இப்ப சரி பண்ணியாச்சா?

இனோக்கே: பண்ணியாச்சு பாஸ். ஆயிரம் பேர் ஏத்திப் பாத்தோம்.

ஹரிலால்: அப்ப கப்பல்காரன்கிட்ட என் பேரைச் சொல்லிடறேன். ரெண்டு பேர் வேலையையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருக்க வேண்டியவன் நான். பாக்கல. கத்துவான், கத்தட்டும். கல்யாணம் ஆனவனுக்கு அது பழக்கம்.

இனோக்கே: பாஸ், என் ஒப்பந்தம்...

ஹரிலால்: திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு. கெலரா, வர்ற வழியிலயே ஆக்லாந்துலேர்ந்து போன் வந்துச்சு. 'எடுத்துக்குங்க, ஆனா திருப்பித் தந்தா நான் வாங்க மாட்டேன்'னு சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

கெலரா: யார் தப்புன்னு தெரியறதுக்கு முன்னாடியேவா பாஸ்?

ஹரிலால்: தெரியறதுக்கு முன்னாடிதான் நல்லதா சொல்லணும். தெரிஞ்சப்புறம் சொன்னா பொய் ஆயிடும். நான் கிளம்பறேன். பாதிரியாரைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் ஒண்ணு. அடுத்த தடவை நகர்றதுக்கு முன்னாடி வாயைத் திறந்து ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. கேக்கறதுக்கு மெமரி ஒண்ணும் செலவாகாது.

கெலரா: சரி பாஸ்.

ஹரிலால்: அந்தக் குடையைக் குடு. கம்பி போனா பரவாயில்ல.

இனோக்கே: என் குடை பாஸ் அது...

கெலரா: போயிட்டார்.

இனோக்கே: ...ம்.

கெலரா: நல்ல செய்திதானே? ஏன் உம்முன்னு இருக்கே?

இனோக்கே: சந்தோஷமாத்தான் இருக்கேன். என் சந்தோஷம் இப்படித்தான் இருக்கும். ஆக்லாந்து... குளிருமே அங்க. கம்பளி வாங்கிக்கோ.

கெலரா: வாங்கிக்கறேன்.

இனோக்கே: மீன் நல்லா இருக்காதாம்.

கெலரா: நல்லா இருக்குமாம்.

இனோக்கே: கெலரா...

கெலரா: சொல்லு.

இனோக்கே: தௌவு ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது, இல்லையா?

கெலரா: கூடாது. எங்க தாத்தாகிட்ட ஒருத்தன் நடுக்கடல்ல வந்து படகைக் கேட்டானாம். குடுத்துட்டு நீந்தியே கரைக்கு வந்தார். வந்து வேட்டியையும் குடுத்தாராம்.

இனோக்கே: அதனாலதான் நான் கேக்காம இருந்தேன். நான் கேட்டா நீ குடுத்தே ஆகணும். வேண்டாம்னு சொல்ல வழியே இல்லாத ஆள்கிட்ட கேக்கறது... அது கேக்கறதே இல்ல. பெஞ்சை எடுத்துட்டுப் போய் ஒருத்தர் மடியில போடற மாதிரி.

கெலரா: இப்ப கேக்கப் போறியா?

இனோக்கே: அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீ பேசாம கேளு. சிரிக்காதே. எழுந்து போயிடாதே.

கெலரா: உக்காந்திருக்கேன்.

இனோக்கே: நான் நுகுலாலா இல்ல. நுகுலாலாவைப் படத்துல கூடப் பாத்ததில்ல. நாங்க மேட்டு நாடு. வைனிமாலா ஆத்துக்கு மேல, மலைக்குள்ள. எங்க ஊர்ல கடலைப் பாத்தவங்களைத் தேடித்தான் புடிக்கணும். வேலைக்குச் சேந்த அன்னிக்கு, நீ வாதுலேவுன்னு யார்கிட்டயோ சொன்னதைக் கேட்டேன். உன் பக்கத்துல உக்காரணும், பேசணும். என்னன்னு சொல்லிட்டு வந்து உக்கார்றது? வாதுலேவுக்கு யார் தௌவுன்னு கேண்டீன்காரர்கிட்ட விசாரிச்சேன். நுகுலாலான்னார். சரி, நான் நுகுலாலான்னு சொல்லிட்டு டப்பாவுல கையை விட்டுட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. மீன் வேற நல்லா இருந்துச்சு. ஏதாவது சொல்லேன். இல்ல, சொல்லாதே. முடிச்சுடறேன். நான் உன் தௌவு இல்ல. உன் மீன்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. நீ இப்ப என்னை மாட்டேன்னு சொல்லலாம், கோவிச்சுக்கலாம், டப்பாவைத் தலையில கவுக்கலாம். அதனால இப்ப கேக்கறேன். போகாதே, கெலரா. இங்கயே இரு.

கெலரா: முதல் நாள் என் டப்பாவுல கையை விட்டு மீனை எடுத்தே. எடுத்துட்டு 'வினாகா'ன்னு நன்றி சொன்னே. சாயங்காலம் டப்பாவைக் கழுவி, தொடைச்சு, மூடி போட்டுக் குடுத்தே. எந்தத் தௌவுடா நன்றி சொல்லுவான்? எந்தத் தௌவுடா டப்பா கழுவுவான்? அன்னிக்கே வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன், நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கு மீன் வை, ஆபீஸ்ல ஒருத்தன் பொய் சொல்லிட்டு நாகரிகமா சாப்பிடறான்னு. ஆக்லாந்து வேலையை சுவாவுல இருந்தே பாக்கலாம்னு அவங்க போன வாரமே சொல்லிட்டாங்க. நீ எப்பதான் வாயைத் திறந்து கேப்பேன்னு பாத்துட்டு இருந்தேன். கடைசித் துண்டு இருக்கு, சாப்பிடு... இன்னிக்கு டப்பாவை நான் கழுவறேன்.